சோப்புத் தண்ணீர்

ஏழாம் நம்பர் லாரியின் முன்கண்ணாடியை யாரோ துடைத்திருந்தார்கள். முழுக் கண்ணாடியையும் இல்லை. டிரைவர் உட்காரும் பக்கம், ஒரு முகம் தெரியும் அளவுக்கு மட்டும். ஆற்றுச் சேறு காய்ந்து கண்ணாடி முழுவதும் படலமாக ஒட்டியிருக்க, அந்த ஓர் இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மெக்கானிக் கிட்டே போய் வெளியிலிருந்து விரலால் தேய்த்துப் பார்த்தான். சேறு வெளிப்பக்கம் இல்லை. துடைத்தவர் உள்ளேயிருந்துதான் துடைத்திருக்க வேண்டும்.

பாட்டில் கம்பெனி ஒன்றின் சரக்குக் கொட்டகையைத்தான் படை வொர்க்ஷாப்பாக்கி வைத்திருந்தது. விமானத்துக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் தகரம் வைத்து அடைத்துவிட்டதால் மத்தியானம் மூன்று மணிக்கும் உள்ளே ஒரே இருட்டு. பேட்டரியில் எரியும் ஒற்றை பல்பு, கூரையில் விடாமல் மழை, பழைய கிரீஸும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. பத்து நாளில் ஊரைப் பிடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் இந்த நாட்டுக்குள் கூட்டி வந்தார்கள். பிடிக்கத்தான் செய்தார்கள், நாலே நாளில். ஐந்தாம் நாள் ஊர்க்காரர்கள் படையின் முதுகுக்குப் பின்னால் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தார்கள். அதோடு டீசல் நின்றது, டயர் நின்றது, பிறகு ஒரு போல்ட் நட்டுக்குக்கூட வழியில்லை. அக்கரையில் வந்து இறங்குவதைப் படகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தி, இக்கரைச் சரிவிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அறுபது லாரிகளோடு வந்த படையில் இப்போது ஓடுவது இரண்டு. மற்றதெல்லாம் ஒன்றைப் பிரித்து இன்னொன்றில் மாட்டியே எலும்புக்கூடாகிவிட்டன.

பிரிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஆள் செத்த வண்டியின் கேபினில் கை வைக்க மாட்டார்கள். கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக நிறுத்திவிடுவார்கள். ஏழாம் நம்பரின் கதவிலும் அந்தக் குறி இருந்தது. கேப்டன் கேட்டாரே என்று டயர்களைக் கழற்றிக்கொண்டு, வண்டியை மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். கேபினை மட்டும் அதன்பிறகு யாரும் திறக்கவில்லை.

இன்றைக்குத் திறந்தாக வேண்டும். காலையில் கேப்டனே வந்திருந்தார்.

"ஆறு மணிக்குள்ள ஒரு லாரிக்கு பிரேக் வேணும். அடிபட்டவங்களை ஏத்திக்கிட்டுச் சரிவுல இறங்கணும். இதுதான் கடைசிப் படகு. வண்டி ரெடின்னா நீயும் ஏறிக்கோ."

மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், மற்ற வண்டிகளில் எல்லாம் ஒழுகி வீணாகிவிட்டது. உருப்படியாக இருப்பது ஏழாம் நம்பரின் பிரேக் மிதிக்குப் பின்னால் இருக்கும் ஒன்றுதான். அதைக் கழற்றினால் வீடு. இல்லையென்றால் இந்தக் கொட்டகைதான் அவனுக்குச் சமாதி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

போட்டிருந்த மூக்குக்கண்ணாடி புட்டி போலிருந்ததால் சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் வெல்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"வேணாம்ணே. நேத்து நான் கேட்டேன். உள்ளருந்து தட்டுற சத்தம். ஒண்ணு ஒண்ணா."

பட்டினியில் காது அடைத்தால் அப்படித்தான் கேட்கும் என்று கிண்டல் பண்ணி, அடிபட்டவர்களைத் தூக்கப் போகச் சொல்லி மெக்கானிக் அவனை விரட்டினான். விரட்டிவிட்டு ஸ்பானரைத் தேடி எடுத்தான்.

ஒண்ணு ஒண்ணா. லாரி உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் போகலாம். லாரிக்காரன் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பாஷை மறக்காது.

ஏழாம் நம்பரை ஓட்டியவர் மெக்கானிக்கின் தங்கச்சி புருஷன். பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, அந்த வண்டிக்குச் சோப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தான். சமதரையில் பிடிக்கும். சரிவில் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, மிதி வெறுமனே தரைக்குப் போய்விடும். இது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆயில் தீரவும் இல்லை. கடைசி டின் ஒன்றை, என்றைக்காவது தான் தப்பிக்கப் போகும் வண்டிக்கென்று, படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

"பிரேக் பிடிக்குமா மச்சான்?" என்று அன்று கிளம்பும்போது அவர் கேட்டார்.

"பிடிக்கும். போயிட்டு வாங்க மாப்பிள்ளை."

சொல்லிவிட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டினான். முதலில் அழுத்தி, பிறகு மெல்ல. அவன் எப்போதும் தட்டுகிற மாதிரி.

லாரி சரிவில் நிற்காமல் ஆற்றுக்குள் போய், கதவு நெளிந்து திறக்க முடியாமல், மெதுவாகத்தான் முழுகியதாம். கடைசிவரை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். மறுநாள் கயிறு கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்து, கதவை நெம்பித் திறந்து அவரை எடுத்தார்கள். அவர் கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டார் என்று எல்லோரிடமும் இவன் சொன்னான். தங்கச்சிக்கும் அப்படியே எழுதிப் போட்டான்.

இப்போது, ஒளித்த டின்னை எடுத்து வந்து கீழே வைத்தான். சாக்பீஸ் குறியைப் பார்க்காமல் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் மோதியது. மூன்று வாரமாகக் கட்டைமேல் நிற்கிற வண்டியின் சீட் இன்னும் சொதசொதவென்று இருந்தது. சேற்று நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை, துணிக்குப் போடும் சோப்பின் வாசனை, மெலிதாக. அவன் ஸ்பானரோடு உள்ளே ஏறி, சீட்டில் குப்புறச் சாய்ந்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மிதிக்குப் பின்னால் கையை விட்டான். முதல் நட்டு இளகியது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தான். கொட்டகைக்குள் காற்று ஏது என்றும் நினைத்தான்.

இரண்டாவது நட்டில் ஸ்பானரை வைத்தபோது பிரேக் மிதி அசைந்தது. அவன் தொடவில்லை. முகத்துக்கு நேராக, யாரோ பாதத்தை வைத்து அழுத்துவது போல, மெல்லக் கீழே இறங்கியது. தரையைத் தொட்டது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது, இந்த முறை வேகமாக. மறுபடி. மறுபடி. குழாய் மூட்டுகளிலிருந்து வெள்ளையாகச் சோப்பு நுரை கசிந்து அவன் விரல்மேல் வழிந்தது.

டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

துள்ளி எழுந்து கைப்பிடியைத் திருகினான். திரும்பவில்லை. தோளால் இடித்தான். அசையவில்லை. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. கண்ணாடியில் துடைத்திருந்த இடத்தைத் தேடினான். இல்லை. முழுக்கச் சேறு.

உள்ளங்கையால் துடைத்தான். ஒரு முகம் தெரியும் அளவுக்கு.

பல்பு தெரிந்தது. பல்பு மேலே போய்க்கொண்டிருந்தது. இல்லை, வண்டிதான் இறங்கிக்கொண்டிருந்தது. டயர் இல்லாத வண்டி. மூக்கு தாழ்ந்து, சரிவில் போவது போல.

கால் நனைந்தது. கணுக்கால். முழங்கால். ஆற்றுத் தண்ணீரின் குளிர்.

"சோடாபுட்டி!"

கூரையில் மழை மட்டும்.

"மாப்பிள்ளை, ஆயில் இருந்துச்சு. என்கிட்டதான் இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

தண்ணீர் நிற்கவில்லை. இடுப்பு. நெஞ்சு.

கதவில் ஓங்கித் தட்டினான். ஒரு தட்டு.

நிறுத்து.

மறுபடி ஒரு தட்டு.

வெளியே யாரோ கதவருகில் வந்து நின்றார்கள்.

பிறகு பதில் வந்தது. முதலில் அழுத்தி. பிறகு மெல்ல.

இரண்டு தட்டு.