கெண்டைக்கால் வலி யாருடையது?

மூன்றாம் முறையாக நர்சிங் தேர்வுக்கு வந்திருந்த சுகிர்தாவின் மணிக்கட்டில் நோவளையைப் பூட்டியதும், பன்னிரண்டாம் படுக்கை மாடசாமியின் குடலிறக்கத் தையல் அவளுடைய அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது. நோவளை அப்படித்தான். நோயாளிக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று. அவருக்கு வலித்தால் இவளுக்கும் வலிக்கும். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் கடப்பாறை போல இறக்கிய பரம்பரை ஒரே ஆண்டில் திருந்திவிட்டது.

ஆறு மணி நேரத்துக்குள் கட்டில் தலைமாட்டுத் திரையில் தெரியும் நோயாளியின் நோவு எண்ணை ஏழிலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டும். தவறினால் இறுதியாண்டு மறுபடியும். அதாவது, பல் துலக்கும்போதே இருநூற்றாறு எலும்புகளையும் ஒப்பித்து, லாரியில் ஏற்றினால் டயர் வெடிக்கும் அளவுக்குப் பராமரிப்புக் குறிப்பு எழுதி, நிலாவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தை வார்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். உட்காரக் கூடாது. வார்டில் மாணவி உட்காரக் கூடாது என்ற விதி நோவளைக்கு முந்தியது. அநேகமாக நாற்காலிக்கே முந்தியது.

சுகிர்தா மருந்து கொடுத்தாள், தலையணையைச் சரித்து வைத்தாள், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். தையல் வலி தணிந்தது. ஆனால் ஐந்தாம் மணி நேரத்தில் திரை எட்டைக் காட்டியது.

"கெண்டைக்கால் தெறிக்குது தாயி!" என்று அலறினார் மாடசாமி.

அவளுக்கும் தெறித்தது. அவரிடமிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். மூன்று மருத்துவர்கள் வந்து துருவிப் பார்த்துவிட்டு, பச்சைக் குழந்தையின் கால் மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

மாடசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருசம் கண்டக்டரா பஸ்ஸுல நின்னவன் நானு. இது படுத்துக் கெடக்கவனுக்கு வார வலியில்ல. நின்னவனுக்கு வார வலி. வயிறு வேற காந்துது. நீ காலைல என்ன சாப்பிட்ட?"

"சாப்பிடல தாத்தா. நேரமில்ல."

"அதான பாத்தேன்! ஆஸ்பத்திரி இட்லி நாலத் தின்னும் எனக்குப் பசி அடங்கலயே! உக்காரு பிள்ள, எனக்குக் கால் வலிக்குது."

உட்கார்ந்தால் விதி மீறல்; நின்றால் தோல்வி. சுகிர்தா கதவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், ஸ்டூலின் நுனியில் கோழி மாதிரி ஒட்டிக்கொண்டாள். எட்டு, ஐந்து, இரண்டு.

"யார் உட்கார்ந்திருக்கறது?"

தேர்வாளர் ஹில்டா மேடம். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் உட்கார்ந்து பார்த்தவர் எவருமில்லை. தன் கால் வலி அவருக்குப் போகிறது என்று சுகிர்தா திக்கித் திணறிச் சொன்னதை அவர் நம்பவில்லை. "நோவளை ஒருவழிப் பாதை. கழற்று" என்று வாங்கித் தன் கையில் பூட்டினார்.

"ஐயோ, அம்மா!" மாடசாமி போட்ட சத்தத்தில் ஜன்னல் புறாக்கள் அடுத்த மாவட்டத்துக்கே பறந்துவிட்டன. திரை பத்தைத் தொட்டு, அதற்கு மேல் எண் இல்லாமல் திணறி அணைந்தது. "இந்தம்மாவ மொதல்ல பெட்டுல போடுங்கய்யா!"

ஹில்டா மேடம் வளையைக் கழற்றினார்.

"எழுந்திரு" என்றார்.

சுகிர்தா எழுந்தாள். மேடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். 'தேர்ச்சி' என்ற ஒரு சொல்லை எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

விஷயம் மேலே போய், வல்லுநர் குழு விரைந்து கூடியது. கோளாறு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த வாரமே எல்லா நோவளைகளிலும் மாணவியிடமிருந்து நோயாளிக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. முன்னெச்சரிக்கையாக ஸ்டூல்களும் அகற்றப்பட்டன.

வீடு திரும்பும் நாளில் மாடசாமியின் திரை பூஜ்யத்தைக் காட்டியது. காலை நீட்டி மடக்கிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"இப்பம் சுத்தமா வலியில்ல தாயி. உனக்கும் நல்லாயிட்டுன்னு சொல்லு!"

சுகிர்தா இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாறி நின்றாள்.

"ஆமா தாத்தா" என்றாள்.