புதன்கிழமைகளில் நெட்டை கூப்பிடுவாள்

கிளியின் வீட்டை நான் கண்டுபிடித்தபோது மதிய வெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு, நடுவழியில் செருப்பு வார் அறுந்து, அதை இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். மாடி வீடு. படிக்கட்டில் ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது. சுவரைப் பிடித்தால் சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது. மேலே ஏற ஏற மருந்து வாடை வந்தது. பல் க்ளினிக்கில் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். கிராம்பு எண்ணெய், டெட்டால், பல்லை ராவும்போது சூடேறிப் பறக்கும் தூள் எல்லாம் எனக்குப் பழகிய வாடைகள். இது அப்படி இல்லை. ஜன்னல் திறக்காத அறையில் ஒரு ஆள் நாள்கணக்காகப் படுத்துக் கிடந்த வாடை.

கிளி செவ்வாய்க்கிழமை ராத்திரி இறந்துபோனாள். மறுநாள் மதியம் நெட்டை எனக்கு க்ளினிக்குக்குப் போன் செய்து சொன்னாள். வழக்கமாகப் புதன்கிழமைதான் கூப்பிடுவாள். டாக்டர் சாப்பிடப் போய், பெஞ்சில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவாள்.

"கடுகு, கிளி போயிட்டாடி. என்னால வர முடியாது. நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா."

கடுகு நான்தான். பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். உருவம் சின்னது, சட்டென்று பொரிந்துவிடுவேன், அதனால் கடுகு. நெட்டை ஏன் நெட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. கிளிக்கு அந்தப் பேர் அவள் வாயால் வந்தது. ஒருதரம் ஒரு குரலைக் கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பேசுவாள். கதவுக்குப் பின்னால் நின்று தலைமையாசிரியை குரலில் "என்ன சத்தம் அங்கே?" என்பாள். வகுப்பே எழுந்து நிற்கும். வாட்ச்மேன், கணக்கு மிஸ், அவள் பண்ணாத குரல் கிடையாது. பின்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தபோது, வாய்க்கேற்ற வேலை என்று சிரித்தோம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். அதைத் தாண்டி அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் விசாரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு லீவு, அதனால் அன்றைக்குப் போனேன். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். கூடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முகம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. ஒருத்தி டீச்சர். வகுப்பிலேயே நல்லாப் படிக்கிறவள், நிஜமாகவே டீச்சராகி ரிட்டயரும் ஆகிவிட்டாள். இன்னொருத்தி வக்கீல். கோர்ட் வாசலை மிதித்ததில்லை, தையல் கடை வைத்திருக்கிறாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வாள் என்பதால் வந்த பேர். இருவரையும் பள்ளியை விட்ட பிறகு நான் பார்க்கவே இல்லை.

டீச்சர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பொண்ணு இன்னும் பேசலயாடி?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனதும், அதன் பிறகு ஒரு வார்த்தை பேசாததும் ஊருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நெட்டையிடம் மட்டும்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது அழுததும் நெட்டையிடம்தான். வாரத்தில் மிச்ச நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்ததே அந்தப் புதன்கிழமை இருந்ததால்தான். அவளும் ஊர் வாய்தான் போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்றாள். "நாங்க யாருக்கும் சொல்லலயே. உங்க நம்பர் எல்லாம் எங்ககிட்ட இல்ல. உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள்.

"இவதான் சொன்னா," என்று டீச்சர் என்னைக் காட்டினாள். "புதன்கிழமை போன் பண்ணி."

நான் அவளுக்குப் போன் செய்ததே இல்லை. அவள் நம்பரே எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் டீச்சர் சிரித்தாள். விளையாடாதே என்றாள். வாரா வாரம் பேசுகிறாயே, என் மூட்டு வலிக்கு மருந்துகூடச் சொன்னாயே என்றாள்.

வக்கீல் குறுக்கே வந்தாள். தனக்குச் சொன்னது டீச்சர் என்றாள். டீச்சர் சிரிப்பை நிறுத்தினாள். தான் வக்கீலிடம் பேசிப் பல வருஷம் ஆயிற்று என்றாள்.

"சரி, உனக்கு யார் சொன்னா?" என்று வக்கீல் என்னைக் கேட்டாள்.

"நெட்டை."

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தாள். "நெட்டை செத்துப் பல வருஷம் ஆச்சுடி. கிட்னி போயிடுச்சு. நான் போய்ப் பார்த்தேன். உன் நம்பர் இல்லன்னு கிளிகிட்டதான் சொல்லச் சொன்னேன். சொல்லிட்டதாவும், நீ ரொம்ப அழுததாவும் அவ சொன்னாளே."

நான் அழவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மூவரும் உள்ளே கிளியின் அறைப் பக்கம் பார்த்தோம். நெட்டையாக என்னோடு பேசியது கிளி. கடுகாக டீச்சரோடு பேசியதும், டீச்சராக வக்கீலோடு பேசியதும் அவள்தான். மாமியார் வீட்டில் போன் என் கையில் இல்லை, நானே கூப்பிடுகிறேன் என்று நெட்டை சொல்லியிருந்தாள், அதனால் நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. க்ளினிக்கில் டாக்டர் திட்டுவார், நீ கூப்பிடாதே என்று நான் டீச்சரிடம் சொன்னேனாம். இத்தனை வருஷமாக நாங்கள் தொடர்பு விடாமல் இருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோமே, அது அத்தனையும் ஒருத்தியின் தொண்டைக்குள் நடந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீச்சர்கூட, கிளி பாவம், தனியாக இருந்தவள்தானே, பொய்யிலும் நம் செய்தியைச் சரியாகத்தானே கொண்டுசேர்த்தாள் என்றாள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. என் நெட்டைக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செத்தவளிடமே போய், உடம்பு எப்படி இருக்குடி என்று வாரா வாரம் கேட்டிருக்கிறேன். எந்தப் புதன்கிழமையோடு அவள் போனாள், எந்தப் புதன்கிழமை இவள் வந்தாள்? ஒரு வாரம் போன் வராமல், மறுவாரம் காய்ச்சல் என்று கரகரத்த குரலில் பேசினாளே, அதுவா? எனக்குத் தெரியவே இல்லையே. உயிர்த்தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இருந்தது, காது இல்லை.

"பேச்சாலயே எல்லாரையும் ஏமாத்திட்டா பாவி," என்றேன்.

சுவரோரம் நின்ற தம்பி மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எங்க பேசினாங்க?" என்றாள். "தொண்டைல கேன்சர் வந்து, குரல்வளையையே எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே. மூச்சு விடக் கழுத்துல ஓட்டை போட்டிருந்தாங்க. தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டித்தான் கேப்பாங்க."

ரெண்டு வருஷம்.

போன வாரம்கூட நெட்டை என்னோடு பேசினாள். என் மகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். கிளி இறந்த மறுநாள், அவள் போய்விட்டாள் என்று எனக்குச் சொன்னதும் அதே குரல்தான்.

வக்கீல் மெதுவாக, இந்த வீட்டுப் போனில் அக்கா யாரையாவது கூப்பிடுவார்களா என்று கேட்டாள். பேச ஆளில்லாத வீட்டுக்குப் போன் எதற்கு என்று தம்பி அப்போதே இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டாராம். கருவியை மட்டும் தரமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாகத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டாளாம். மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாளாம்.

"நான் ஒரு நாள் எட்டிப் பார்த்தேங்க. வாய் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சிரிக்கிறாங்க, தலையாட்டறாங்க. சத்தம் இல்ல. எனக்குப் பயமா போச்சு, அதுக்கப்புறம் பார்க்கல."

அந்த வாடை இன்னும் அடர்த்தியானதுபோல் இருந்தது. டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். போகலாம் என்று கண்ணால் சொன்னாள். நான் எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

அப்போது உள்ளே, சாத்தியிருந்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"டீச்சர், இங்க வாடி."

என் குரல்.

டீச்சர் என் வாயைப் பார்த்தாள். என் உதடுகள் ஒட்டிக் கிடந்தன. பிரிக்க முயன்றும் பிரியவில்லை.

"வக்கீல், நீயும் வா. ஏன் வெளியவே உக்காந்திருக்கீங்க?"

இது டீச்சரின் குரல்.

எப்படிப் படியிறங்கினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தம்பி மனைவி எங்களுக்கு முன்னால் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். என் செருப்பு மேலேயே இருந்துவிட்டது, யாரும் போய் எடுத்துவரத் தயாராக இல்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

பஸ் ஏறுமுன் நம்பர்களை வாங்கிக்கொண்டோம். இனிமேல் நிஜமாகவே பேச வேண்டும், நேரில் பார்க்க வேண்டும், இந்த வயசில் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று டீச்சர் அழுதாள். நானும் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். மறுநாளே அவளைக் கூப்பிட்டேன்.

"யாரு?" என்றாள்.

"நான்தான்டி, கடுகு."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ரிசீவரை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல நான் யார். அன்று சாயங்காலம் வக்கீல் என்னைக் கூப்பிட்டபோது நானும் வைத்துவிட்டேன். வக்கீலாகவே இருக்கலாம். அவளுக்கும் மனசு எவ்வளவு நொந்திருக்கும். ஆனால் குரலை மட்டும் வைத்துக்கொண்டு யாரை நம்புவது? நேரில் போகலாம் என்றால், அந்தக் கூடத்தில் கேட்டது ஞாபகம் வருகிறது. பொய்யாக இருந்தபோது இருந்த சிநேகம், உண்மை தெரிந்ததும் இல்லாமல் போய்விட்டது.

புதன்கிழமை வந்தது. லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன், டாக்டர் விடவில்லை. அவர் சாப்பிடப் போனார். பெஞ்ச் காலியாக இருந்தது. வெளியே வெயிலில் கண் கூசியது.

போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசு விட்டு யாரிடமும் பேசாமல் ஒரு வாரம் போயிருந்தது.

"கடுகு, சாப்டியா?"

நெட்டை. இழுத்து இழுத்துப் பேசுகிற அதே குரல். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் குரலுக்காக அப்போதுதான் முதல்முறையாக அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"கிளி, நீதான்னு எனக்குத் தெரியும். போதும்டி. உன் சொந்தக் குரல்ல பேசு."

மறுமுனையில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம், எங்கள் க்ளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாய் போடுகிற சத்தம் மாதிரி. சின்ன ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய், வெளியே வந்தது. மறுபடி போனது.

"அது எப்படி இருக்கும்டி?" என்று நெட்டையின் குரல் கேட்டது. "உனக்கு ஞாபகம் இருந்தாச் சொல்லு. அதுல பேசறேன்."

யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். கிளி பேசிய தலைமையாசிரியை ஞாபகம் வந்தாள், வாட்ச்மேன் வந்தார், கணக்கு மிஸ் வந்தாள். அவள் வாயிலிருந்து வந்த என் குரல்கூட ஞாபகம் இருந்தது. அவள் குரல் வரவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் அவளாகப் பேசிய ஒரு வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை.

"தெரியலடி," என்றேன்.

"டீச்சரையும் கேட்டேன், வக்கீலையும் கேட்டேன். யாருக்கும் தெரியல." கொஞ்ச நேரம் காற்று போய் வந்தது. "பரவால்ல விடு. பொண்ணு பேசினாளா?"

ரிசீவரை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இல்லை என்றேன். அவள் பேசிக் கேட்டால் போதும், செத்தாலும் பரவாயில்லை என்றேன். வேறு யாரிடம் சொல்வேன்? நெட்டை ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். பொண்ணு எப்படிப் பேசுவாள் என்று கேட்டாள். நானும் சொன்னேன். மூக்கடைத்த மாதிரி இருக்கும், வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவாள், அம்மா என்பதை மட்டும் நீட்டிச் சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதற்குள் மறுமுனையில் யாரும் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. டாக்டர் உள்ளே ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். போன் அடித்தது.

"அம்மா... நான்தாம்மா. கோபமா இருக்கியா?"

அவளேதான். கடைசி எழுத்தை விழுங்கினாள். என் மகள் வீட்டை விட்டுப் போன பிறகுதான் க்ளினிக் இந்தத் தெருவுக்கு மாறியது. இந்த நம்பர் அவளுக்குத் தெரியாது. விசாரித்து வாங்கியிருக்கலாம். வாங்க முடியாத நம்பர் ஒன்றும் இல்லை. எங்கே இருக்கிறாய், எந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

நான் கேட்கவில்லை.

"இல்லம்மா, கோபமே இல்ல," என்றேன். "அடிக்கடி கூப்பிடு."

"கூப்பிடறேம்மா," என்றாள். அவள் ரிசீவரை வைக்குமுன், ஸ்ஸ் என்று காற்று ஒருமுறை உள்ளே போய் வந்தது.