பெயர் விட்ட இடம்

கசெற்றில் அந்த மௌனம் நேற்றைவிட இன்று நீண்டிருந்தது. காது பிழைவிடுகிறது என்று மரினா தன்னைத்தானே கடிந்துகொண்டு, திரும்பவும் பின்னுக்கு ஓடவிட்டாள்.

எண்பதுகளில் மன்னார்க் கரையில் ஓர் ஆசிரியர் பதிந்துவைத்த ஒப்பாரி அது. புலம்பெயர்ந்து வந்த வால்தம்ஸ்டோ வீட்டுக் குசினியில் ஒவ்வொரு வரியாக நிறுத்திக் கேட்டு, பாடியவளின் வறட்டு இருமலைக்கூட விடாமல் மரினா பழகிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வெம்பிளியில் மேடை. செத்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் பாட்டு நின்று, காற்று இரைவது கேட்கும். கசெற்றைத் தந்த றொனால்ட் அண்ணை அப்போதே சொல்லியிருந்தார்.

"சாவில்லாமல் பேர் சொல்லமாட்டன் எண்டிட்டாவாம் அந்த மனுசி. நீங்களும் அந்த இடத்தை விட்டிட்டுப் படியுங்கோ."

விட்டால் வரி மறந்துபோச்சு என்றல்லவா சனம் நினைக்கும்? அந்தக் கவலை போதாதென்று காலையில் புருசன் எட்வேட் வேறு வேலைக்குப் போகிற அவசரத்தில் எரிந்து விழுந்திருந்தான்.

"என்ன ஒரே செத்தவீட்டுச் சத்தம்? உமக்கு வேற பாட்டே கிடைக்கேல்லையோ?"

அவன் கதவை அடித்துச் சாத்திய சத்தம் பகல் முழுக்க அவள் நெஞ்சில் கிடந்தது. அந்த ஆத்திரத்தில், கசெற் மௌனமாகக் காத்திருந்த இடத்தில், வேண்டுமென்றே புருசனின் பெயரை வைத்துப் பாடினாள். அச்சொட்டாகப் பொருந்தியது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மார்கழி. நாலு மணிக்கே யன்னலுக்கு வெளியே இருட்டு அப்பிவிட்டது. பின்னுக்கு ஓடவிட்டுத் தொடக்கத்திலிருந்து போட்டபோது, மண்ணெண்ணெய் விளக்குப் புகையும் கரையொதுங்கி அழுகிய கடற்சாதாளைப் பாசியும் கலந்த ஒரு வாடை, அடுப்பு மூட்டாத குசினிக்குள் மெல்ல ஏறியது. பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. காற்று இரையவில்லை.

"எட்வேட்" என்று அழைத்தாள் கசெற்றில் இருந்தவள்.

அதுவரை ஒருத்தியே பாடிய பாட்டு. இப்போது பின்னால் பல பெண்கள். மரினா பொத்தானை அமத்தினாள். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. எட்வேட்டுக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. நான்தானே பேர் சொன்னேன், நான்தானே.

வாசல் பூட்டில் திறப்புத் திரும்பியது. எட்வேட். முழுசாக, உயிரோடு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வீடு ஏன் இப்பிடி ஈரமாக் கிடக்கு?" என்றான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினான்.

பாட்டு நின்றது.

கார்ப்பெற்றில் அவனைச் சுற்றிப் பெண்கள். விரித்த தலை. ஒருத்தியின் தோளில் ஒருத்தியின் கை. அவன் தலைமாட்டில் மட்டும் ஓரிடம் காலி. செத்தவீட்டில் பெண்சாதி இருக்கும் இடம்.

அதற்குப் பக்கத்தில் இருந்தவள் இருமினாள். மரினாவுக்கு மனப்பாடமான இருமல். பிறகு நிமிர்ந்து மரினாவைப் பார்த்து, அந்த வெற்றிடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.