குழலுக்கும் கட்டைக்கும் நடுவில்

"அருந்தவன் என் துப்பாக்கியைக் கெடுத்துட்டான் மேடம். வேணும்னே!"

கிளேட்டனில் காப்பீட்டுப் புலனாய்வாளராக இருக்கும் சந்திரகலா, வெங்கட்ராமனின் கராஜில் நின்று மூன்றாவது முறையாக இதைக் கேட்டார். கோயிலில் பழக்கமானவர் என்பதற்காக வந்தது தப்போ என்று தோன்றியது. பத்து வருட நண்பரான அருந்தவனை வேட்டைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லி வெங்கட்ராமன் இன்று மாலையே கிளப்பில் புகார் கொடுக்கப் போகிறாராம். சந்திரகலாவின் உதவியாளர் மயூரா அதற்குள் கையுறை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க. கத்தாம."

ஆகஸ்டில் அருந்தவன், வெங்கட்ராமனின் துப்பாக்கியில் இரும்புப் பாகம் உட்காரும் இடத்தில், மரக்கட்டைக்குள் எபாக்ஸி பசை வார்த்துக் கொடுத்திருந்தார். அது இறுகினால் இரும்பு இம்மியும் அசையாது, குறி பிசகாது. குழல் மட்டும் கட்டையைத் தொடாமல், மெல்லிய இடைவெளி விட்டு நிற்க வேண்டும். செப்டம்பரில் குண்டுகள் ஒரே இடத்தில் பாய்ந்தன. நேற்றோ, அக்டோபர் கடைசியில், திசைக்கொன்றாகச் சிதறின.

"பசை இளகிப்போச்சு அக்கா. மலிவுப் பசை. ஆளைப் பிடிப்பமா?" என்றாள் மயூரா.

"இறுகின பசை தானா இளகாது. நடுவுல யார் தொட்டாங்க?"

"யாருமில்ல. பெட்டகச் சாவி என்கிட்ட மட்டும்தான்," என்றார் வெங்கட்ராமன்.

சந்திரகலா சுற்றிப் பார்த்தார். டிரில், புல்வெட்டும் இயந்திரம், கார் எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும். பெருமூச்சு விட்டார். துப்பாக்கி காலிதானா என்று உறுதி செய்துகொண்டு, பத்து டாலர் பிளாஸ்டிக் நோட்டைக் குழலுக்கடியில் நுழைத்து இழுத்தார். பாதி வழியில் முட்டி நின்றது. நோட்டின் ஓரத்தில் மஞ்சள் தூள். மயூரா முகர்ந்தாள்.

"சந்தனம்!"

"ஆயுத பூஜைக்கு இதையும் வச்சீங்களா சார்?"

"வைக்காம? லேப்டாப்புக்கே வைக்கிறோம், இதுதானே நிஜ ஆயுதம்! குழைச்சு நல்லாவே பூசினேன். மறுநாள் துடைச்சுட்டேனே!"

"வெளியிலதான் துடைச்சீங்க. உள்ள வழிஞ்சது கட்டியா காய்ஞ்சிருக்கு. சுடச்சுட சூடாகுற குழல் அதுல முட்டுது, குண்டு விலகுது. பசைல குறையிருந்தா செப்டம்பர்லயே தெரிஞ்சிருக்கும். சாவியும் உங்ககிட்டதான். குற்றவாளி நீங்க. போன் பண்ணுங்க."

"புகாரை நிறுத்தச் சொல்லியா?"

"அருந்தவன்கிட்ட மன்னிப்புக் கேட்க!" முதன்முறையாகச் சந்திரகலாவின் குரல் உயர்ந்தது.

வெங்கட்ராமன் போனில் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"சனிக்கிழமை வேட்டைக்கு வாறன்," என்றார் அருந்தவன். "துவக்கை நான் துப்பரவாக்கித் தாறன். ஆனா வெங்கட், இனி நீர் தூரத்தில நிண்டு கும்பிட்டாப் போதும்."