மலையுச்சியில் ஒரு சோடிச் சப்பாத்து

எவ்லின் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

றெஜினோல்ட்டின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். தொண்ணூற்றேழாம் ஆண்டு பெப்ரவரி. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் வீதிகள் உப்பும் சேறுமாய்க் கிடந்த ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். தியாகராசா வீட்டு வாசலில் சப்பாத்துக்கென்றே ஒரு மரத்தட்டு இருக்கிறது. மின்சார மீட்டர் பார்க்க வரும் ஜெர்மன்காரன்கூட அதைக் கண்டதும் குனிந்து நாடாவை அவிழ்ப்பான். மன்னாரில் பிறந்த எவ்லினோ அதைக் கடந்து வந்து, கம்பளத்தில் ஈரத்தடம் பதித்தபடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். றெஜினோல்ட் வாயெடுத்தான். தியாகராசா கண்ணாலேயே அவனை அடக்கினார்.

தியாகராசா கோர்ட்டில் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர். பதின்மூன்று வருடமாய் மற்றவர்களுடைய கடதாசிகளை வாசித்து வாசித்து, ஒரு கடதாசி எந்த இடத்தில் இடறுகிறது என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதனால் நகை தொலைத்தவர்களும் ஆளைத் தொலைத்தவர்களும்கூட அவரைத்தான் தேடி வருவார்கள். பார்சல் வான் ஓட்டும் றெஜினோல்ட் சனிக்கிழமைகளில் வந்து அவருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பான். தட்டச்சு ஒரு சாட்டுத்தான். நாற்பத்தொரு வயதாகியும் எந்தச் சாவைக் கேட்டாலும் கொலை என்று நினைக்கிற ஆள் அவன்.

எவ்லின் ஓர் உறையை மேசையில் வைத்தாள். பக்கத்தில் கட்டு அவிழ்க்காத ஒரு பிளாஸ்டிக் பையையும் வைத்தாள்.

“இவர் செத்த இடத்துப் பொலிஸின்ரை அறிக்கை, அண்ணை. ஜெர்மனிலை மாத்தித் தந்திருக்கினம். மன்னாரிலை மாமிக்கு அனுப்பத் தமிழிலை வேணும். ரெண்டாம் பக்கத்துக் கடைசி வசனத்தை மட்டும் விட்டிட்டு எழுதுங்கோ.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில்கூட இதைவிட உயிர் இருக்கும் என்று றெஜினோல்ட்டுக்குப் பட்டது. அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாய் இருந்திருக்கும்.

தியாகராசா அந்த வசனத்தை வாசித்தார். அவளுடைய கணவன் அம்புறோஸ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டதாகக் கருதப்படுகிறது என்று இருந்தது.

“ஒரு சொல்லும் விட ஏலாது, தங்கச்சி. விட்டால் என்ரை முத்திரைக்கு மதிப்பில்லை. ஆனால் அந்த வசனம் சரியோ பிழையோ எண்டு பாக்கலாம். முழுக்கச் சொல்லுங்கோ.”

அவள் சொன்னாள். அம்புறோஸ் கடதாசித் தொழிற்சாலையில் பத்து வருடம் முடித்ததற்கு, இரண்டு பேருக்கு ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் ஒரு கிழமை குளிர்கால நடைப்பயணம் பரிசாகக் கிடைத்தது. கூட வர வழிகாட்டி கிடையாது. வரைபடமும் நாளுக்கொரு வழிக்குறிப்பும் கையில் தந்துவிடுவார்கள். காலையில் பெட்டியை ஹோட்டல் வரவேற்பறையில் விட்டால் அது காரில் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆள் மலையால் நடந்து போய்ச் சேரவேண்டும். ஜனவரியில் மலை ஏறுவதை விடுமுறை என்று சொல்வது நம்முடைய சனத்துக்கு இலேசில் விளங்காது. அம்புறோஸுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஓடன்வால்ட் காட்டுக்குத் தனியே நடக்கப் போகிற ஆள் அவன்.

“என்னையும் வரச் சொன்னவர். குளிருக்கை நடக்க எனக்கென்ன விசரோ எண்டனான். இஞ்சை காட்டுக்கை நடந்திட்டு வந்தாலே எனக்குத்தான் வேலை. சப்பாத்திலை ஒரு ஓட்டையும் இல்லை, சொக்ஸின்ரை அடி மட்டும் ஒரே சேறு. எப்பிடி எண்டு கேட்டால் சிரிப்பார்.”

“தீவிலை இருந்து கதைச்சவரோ?”

“மூண்டாம் நாள் பின்னேரம் ரெலிபோன் எடுத்தவர். பிள்ளைக்கு முப்பத்தொன்பது காய்ச்சல் எண்டனான். நான் ரெண்டு வேலையும் முடிச்சிட்டு வந்து நிக்கிறன். இவர் கடல் வடிவா இருக்கு எண்டுறார். அப்ப அங்கேயே இரும், திரும்பி வரத் தேவையில்லை எண்டு சொல்லி வைச்சிட்டன்.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “அடுத்த நாள் மத்தியானம் விழுந்திட்டார்.”

அவள் தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தாள்.

“பிள்ளை அன்ரனிற்றாவுக்குப் பன்ரெண்டு வயசு. ஜெர்மன் என்னைவிட வடிவா வாசிப்பாள். இதையும் வாசிச்சிட்டாள். அப்பா ஏன் எங்களை விட்டிட்டுப் போனவர் எண்டு ஒருக்காத்தான் கேட்டவள். மூண்டு கிழமையா என்னோடை கதைக்கிறேல்லை. நான் என்னத்தைச் சொல்ல?”

தியாகராசா அறிக்கையை றெஜினோல்ட்டிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். இடம் மலையுச்சியில் ஒரு பழைய ஆட்டுப்பட்டி. கீழ்ப் பாதையில் நடந்த கணவனும் மனைவியும் மேலே ஓர் ஆளைக் கண்டிருக்கிறார்கள். தனி ஆள், வெறுந்தலை, நரைமுடி தெரிந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி விளிம்புக்கு வந்து விழுந்தார். மேலே சப்பாத்துகள் ஒழுங்காய்ச் சோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கம்பளித் தொப்பி விளிம்புக்குக் கீழே மூன்று மீற்றரில் ஒரு பற்றையில் மாட்டியிருந்தது. சட்டைப்பையில் நெருப்புப்பெட்டி.

“சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுத்தான் இப்பிடியான ஆக்கள் குதிக்கிறவை எண்டு பொலிஸ் எழுதியிருக்கு,” என்றான் றெஜினோல்ட். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அண்ணை, ஆரும் தள்ளியிருந்தால்?”

“தனி ஆள் எண்டு இப்பதானே வாசிச்சனீர்.”

அறிக்கையோடு ஒரு படமும் இருந்தது. உடைந்த சுவரில் ஓர் இடைவெளி. அதற்கு வெளியே, இடப்பக்கமாய், இரண்டு சப்பாத்துகள். தியாகராசா அதை வெகுநேரம் பார்த்தார்.

“பையைத் திறக்கலாமோ, தங்கச்சி?”

“அவரின்ரை உடுப்பும் சாமானும். நான் திறக்கேல்லை. நீங்கள் திறவுங்கோ.”

முதலில் மடித்த தாள் வந்தது. நான்காம் நாள் வழிக்குறிப்பு. ஒவ்வொரு இடத்தையும் கடந்ததும் அம்புறோஸ் பேனையால் சரி போட்டு நேரம் குறித்திருந்தான். கடைசிச் சரி பன்னிரண்டு பத்துக்கு. றெஜினோல்ட் அந்த வரியை வாசித்தான்: “மலையுச்சி. சிற்றாலயத்தின் சிதைவு. மூன்று சுவர்கள் நிற்கின்றன. பீடம் இருந்த கிழக்குச் சுவர் சரிந்துவிட்டது, அதற்கு அப்பால் செங்குத்துப் பள்ளம். கவனம்.”

பிறகு காற்சட்டை. இரண்டு முழங்காலிலும் வட்டமாய் மண். கம்பளிக் காலுறைகளின் அடி முழுக்கச் சேறு. தொப்பியின் உட்பக்கத்தில் வெள்ளையாய் எதுவோ உறைந்திருந்தது. பக்கத்தில் கம்பளி கருகியிருந்தது. தியாகராசா அதை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்துவிட்டு, எவ்லினை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்புறோஸ் இஞ்சத்தைக் கோயிலுக்கை போனால் சப்பாத்தைக் கழட்டுறவரோ?”



“வந்த புதுசிலை கழட்டினவர். சனம் எல்லாம் திரும்பிப் பாத்தது. எனக்கு வெக்கமா இருக்கு, விடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். பிறகு கழட்டுறேல்லை.”

“உங்களுக்கு முன்னாலை கழட்டுறேல்லை,” என்றார் தியாகராசா. “ஓடன்வால்ட் காட்டுப் பாதையளிலை சின்னச் சின்ன மாதா கோயில் இருக்கு. அங்கை திரும்பிப் பாக்க ஆக்கள் இல்லை. ஓட்டையில்லாத சப்பாத்துக்குள்ளை சொக்ஸ் சேறானது அப்பிடித்தான்.”

றெஜினோல்ட்டின் முகம் சிவந்தது. ஞானஸ்நானம் பெற்றவன் அவன். பதினொரு வருடமாய் இங்கே சப்பாத்தோடு கோயிலுக்குப் போய்வந்து, ஊரில் வாசலில் கழற்றிவிட்டு நடந்த கால்களையே மறந்துபோனான். கதிர்காமக் கந்தனைக் கும்பிடுகிற தியாகராசா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“படத்தைப் பாருங்கோ,” என்று அவர் தொடர்ந்தார். “சப்பாத்து பள்ளத்து விளிம்பிலை இல்லை. சுவரிலை இருக்கிற இடைவெளிக்கு வெளியாலை இருக்கு. அது வாசல். பொலிஸுக்கு அது ஆட்டுப்பட்டி. அம்புறோஸின்ரை கையிலை இருந்த தாளிலை அது கோயில். அவர் வாசலிலை சப்பாத்தைக் கழட்டினார். உள்ளுக்கை போய்த் தொப்பியைக் கழட்டினார். பீடம் இருந்த இடத்திலை முழங்காலிலை நிண்டு மெழுகுதிரி கொளுத்தினார். காத்து அணைக்கப் பாத்திருக்கு. தொப்பியைச் சுத்திவரப் பிடிச்சிருக்கிறார். இது மெழுகு. இது திரி சுட்ட இடம்.”

“குதிக்கேக்கை தொப்பி கழண்டிருக்கலாமே, அண்ணை?” என்று றெஜினோல்ட் கேட்டான். வாதாடுவதற்காக அல்ல, பொலிஸ் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“அவர் விழ முதலே வெறுந்தலையா நிண்டதை ரெண்டு பேர் கண்டிருக்கினம். அப்ப தொப்பி அவருக்கு முதலே கீழை போயிட்டுது. காத்து மெழுகுதிரியோடை சேத்து இழுத்திருக்கு. அது பற்றையிலை மாட்டினதைக் கண்டிட்டுக் கையை நீட்டியிருக்கிறார். ஈரக் கல்லு, கம்பளிச் சொக்ஸ். சப்பாத்து காலிலை இருந்திருந்தால் கால் வழுக்கியிராது.”

எவ்லின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னது அவருக்குச் சுட்டிருக்கும்,” என்றாள்.

“ஓம், சுட்டிருக்கும். நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். ஆனால் அண்டைக்கு அவர் ரெண்டு விசயம் கேட்டவர். ஒண்டு நீங்கள் கோபத்திலை சொன்னது. மற்றது பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டது. சாகப் போற ஆள் மெழுகுதிரி அணையக்கூடாதெண்டு தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கமாட்டார். அது ஆருக்காக எண்டு நீங்கள்தான் அன்ரனிற்றாவுக்குச் சொல்லவேணும்.”

அவர் றெஜினோல்ட் பக்கம் திரும்பினார். “வசனத்தை விடாமல் எழுதும். அதுக்குக் கீழை மொழிபெயர்ப்பாளரின்ரை குறிப்பு எண்டு போட்டு நான் சொன்னதையும் எழுதும். ஜெர்மனிலை ஒரு பிரதி எடுத்து, தொப்பியோடை பொலிஸுக்கு அனுப்புவம். வசனத்தை அவை மாத்தட்டும்.”

றெஜினோல்ட் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினான். எவ்லின் எழுந்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தான். அவள் கம்பளத்தில் தன் கால் பதித்த தடங்களை அப்போதுதான் கண்டவள்போல நின்றாள்.

“வாசலிலை சோடியா நிக்கிற சப்பாத்தைக் காண எனக்கு ஏலாமல் இருந்தது, அண்ணை. என்ரை வீட்டிலையும் கழட்டுறேல்லை.”

அவள் வாசலுக்குப் போனாள். குனிந்து நாடாவை அவிழ்க்க அவளுக்கு நேரம் எடுத்தது. மரத்தட்டில், தியாகராசாவின் சப்பாத்துக்கும் றெஜினோல்ட்டின் சப்பாத்துக்கும் நடுவில், தன்னுடையதைச் சோடி சேர்த்து வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“கால் குளிருது,” என்றாள். அவளுடைய குரல் அந்தச் சொல்லில் உடைந்தது.

தியாகராசா உள்ளே போய், கம்பளிக் காலுறை ஒரு சோடி எடுத்துவந்து கொடுத்தார்.