ஆறாவது வயர்

காலை ஒன்பது இருபதுக்கு அந்த போன் அலறியது.

மெக்கானிக் அப்போது குளியலறையில், திறந்த குழாயடியில் இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். குளிர்ந்த தண்ணீர். நூறு வரைக்கும் எண்ண வேண்டும். அதற்குள் தோலுக்கடியில் ஊரும் எறும்புக் கூட்டம் கொஞ்சம் ஓயும்.

எழுபத்திரண்டில் இருந்தான்.

"ஹலோ..."

"எங்கய்யா இருக்கே?" லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசருக்கு மூச்சு வாங்கியது. "நேத்து நீ சர்வீஸ் பண்ணின கிளினிக் பில்டிங்... ஆறாவது மாடியில லிஃப்ட் கதவு திறந்துக்கிச்சு. பெட்டி அங்க இல்ல. பார்க்காம காலை வெச்சுட்டாரு!"

"யா... யாரு சார்?"

"டாக்டர்யா! எட்டிப் பார்த்தவங்க ஒரே ரத்தம்ங்கறாங்க. ஆள் போயிட்டாரு!"

"எந்த டாக்டர்?"

"உன் டாக்டர்தான்!"

போன் கைநழுவி, வாளிக்குள் விழுந்து மூழ்கியது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த மாதம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த டாக்டர் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பதினஞ்சு நாள் போடுங்க."

பதினைந்து நாள் ஆறு வருஷமாயிற்று!

டாக்டர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. அந்தக் கிளினிக் கட்டடத்தின் கீழ்த்தளத்து மருந்துக் கடையில் பழைய மருந்துச் சீட்டை நீட்டினால் மாத்திரை அட்டை வந்தது.

பிறகு வேறொரு பெண் டாக்டரிடம் போய், ஒரு வருஷம் முழுக்க மாத்திரையைப் பாதியாக, காலாக, துணுக்காகக் குறைத்து நிறுத்தினான். நிறுத்தி இன்றோடு பதினோரு மாதம்.

நிறுத்தினால் விட்டது சனியன் என்றுதான் நினைத்திருந்தான்.

சனியன் விடவில்லை.

காதுக்குள் ஓயாத ரீங்காரம். தோலில் எறும்பு. தலைக்குள் பனிமூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே... குற்ற உணர்ச்சி! தினமும் விடியும்போதே யாருக்கோ எதுவோ செய்துவிட்ட மாதிரி நெஞ்சு கனக்கும். என்ன செய்தோம் என்று மட்டும் தெரியாது.

"உங்க மூளை பழையபடி ஆகறதுக்கு நேரம் எடுக்குது," என்றிருந்தாள் அந்தப் பெண் டாக்டர். "சில பேருக்கு மாசக்கணக்குல இழுக்கும். அலை மாதிரி வரும், போகும். எதிர்த்து நீந்தாதீங்க... மிதங்க."

இத்தனை நாளும் ஆள் இல்லாமல் அலைந்த குற்றத்துக்கு, இன்று ஒரு பிணம் கிடைத்துவிட்டது.

மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

"நான்தான் மேடம் கொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பதை நெருங்கும் முகம். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத உதடு.

"உட்காருங்க. கொலை பண்ணினவங்க சாதாரணமா நாங்க தேடி வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. நீங்க ரொம்ப அவசரப்படறீங்களே?"

"விளையாடாதீங்க மேடம்... லிஃப்ட் கதவுப் பூட்டு திறந்திருந்தா பெட்டி நகரக் கூடாது. அதுக்குன்னு ஒரு பாதுகாப்பு லைன் இருக்கு. சர்வீஸ் பண்றப்ப அந்த லைனை ஒரு சின்ன வயரால ஏமாத்துவோம். பூட்டுக் கொக்கியையும் தூக்கி வெச்சிருவோம். வேலை முடிஞ்சதும் வயரை எடுத்துட்டு, கொக்கியை இறக்கி விடணும். நேத்து நான் அதை..."

"எடுக்கலையா?"

"எடுத்தேன்னுதான் நெனக்கிறேன். ஆனா மூணு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணுமே தெளிவா இல்ல."

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் போட்டாள். உள்ளே ஒரு சாண் நீளத்தில் நீல வயர்.

"இதா?"

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான். "அதேதான்."

"மோட்டார் ரூம் பேனல்ல இருந்துச்சு. எங்க சப்-இன்ஸ்பெக்டர் எடுத்துட்டு வந்தாரு. வெளியில யாருக்கும் சொல்லல. கதவு ரிப்பேர்னு மட்டும் சொல்லியிருக்கோம்." அவள் முன்னால் குனிந்தாள். "ரெண்டு மாசம் முன்னாடி அந்த கிளினிக்ல இருபது பேஷன்ட் முன்னால டாக்டரைப் பார்த்துக் கத்தினீங்களாமே... 'நீ டாக்டரா, யமனா'ன்னு?"

"கத்தினேன்."

"அப்ப மறந்துட்டீங்களா... வேணும்னே விட்டீங்களா?"

அவன் பைக்குள் கிடந்த வயரையே பார்த்தான்.

"மெக்கானிக், உங்களைத்தான்!"

"தெரியல மேடம்! அதுதான் பயமா இருக்கு! அந்த ஆள் மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. நெசமாவே மறந்தேனா... இல்ல மறந்த மாதிரி என் மனசே நடிச்சுச்சா?"

அலை வந்தது.

மேஜை விளிம்பைப் பிடித்தான். விரல் நுனிகள் வெளுத்தன. சுவர் ஒரு அங்குலம் நகர்ந்த மாதிரி இருந்தது. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாகப் பூத்தது.

"கான்ஸ்டபிள், தண்ணி!"

"கண்ணாடி டம்ளர் வேணாம் மேடம்... போட்டுடுவேன்." பல்லைக் கடித்தபடி அவன் முணுமுணுத்தான். "இது மருந்து பண்ற வேலை... நான் இல்ல... மிதக்கணும்... போயிடும்... போயிடும்..."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் நடிப்பு என்றுதான் நினைத்தாள்.

நான்கு நிமிஷம் கழித்து அப்படி நினைக்கவில்லை.

"தினமும் இப்படியா?"

"இன்னிக்கு பரவாயில்ல மேடம்."

அப்போதுதான் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"என்னங்க! ஒரு வார்த்தை சொல்லாம இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்கு அறிவு ஏதாவது இருக்கா?"

மெக்கானிக்கின் மனைவி. நூலகத்தில் வேலை பார்க்கிறவள். கழுத்தில் நூலக அடையாள அட்டை, கையில் அவனுடைய டூல்ஸ் பை. சூப்பர்வைசர் அவளுக்கும் போன் செய்திருந்தார். வீட்டுக்கு ஓடி, ஆளைக் காணாமல், பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீ ஏன் வந்தே? நான்தான்..."

"நீங்க சும்மா இருங்க! மேடம், இவர் காலையில எழுந்தா உலகத்துல நடந்த எல்லாத் தப்பையும் தான் செஞ்சதாத்தான் சொல்வாரு. போன வாரம் பக்கத்து வீட்டுக் கொழந்தை பரீட்சையில பெயிலானதுக்கு இவரு அழுதாரு!"

பையைத் தலைகீழாக மேஜைமேல் கவிழ்த்தாள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச்... நீல வயர்கள்.

"எண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் எண்ணினாள். "அஞ்சு."

"அவர்கிட்ட இருக்கறதே அஞ்சுதான்! மறந்துடுவோம்னு இவருக்கு ஒரே பயம். அதனால புத்தகத்துக்கு ஒட்டற மாதிரி நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு தினம் போன் பண்ணி, அஞ்சும் இருக்கான்னு கேட்பேன். நேத்தும் இருக்குன்னாரு."

"நான் பழக்கதோஷத்துல சொல்லியிருப்பேன்..." என்றான் மெக்கானிக்.

"வாய் பழக்கதோஷத்துல சொல்லும்ங்க. பை சொல்லுமா?"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லா வயரிலும் வெள்ளை ஸ்டிக்கர்.

பிளாஸ்டிக் பைக்குள் கிடந்ததில்... இல்லை!

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இந்த ஆறாவது வயர் யாரோடது?" என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "மோட்டார் ரூம்ல நீல வயர் ஒரு சுருளே கிடக்கு. யார் வேணாலும் வெட்டியிருக்கலாம். ஆனா எங்க சொருகணும்னு தெரியணுமே! கொக்கி விஷயம் தெரியணுமே! இதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

மெக்கானிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்ல வெளியே வந்தது. சிரிக்கிற முகம்.

"சிரிப்புக்காரர்கிட்ட..." என்றான். "கீழ இருக்கற மருந்துக் கடைக்காரர். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாங்க. மோட்டார் ரூம் சாவி அவர் கடையிலதான் தொங்கும். எனக்கு ரொம்ப முடியாதப்ப அவர்கிட்டதான் பேசுவேன். 'அண்ணே, இந்த வயரை எடுக்க மறந்தா ஒரு உயிர் போயிடும்ணே'ன்னு... எப்படி சொருகறது, எங்க சொருகறது... அய்யோ மேடம், நானே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்! எனக்குப் பயம். யார்கிட்டயாவது கொட்டணும் போல இருந்துச்சு."

"கொட்டினதை அவர் அள்ளிக்கிட்டாரு," என்றாள் இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டே. "கான்ஸ்டபிள், நான் துணி மாத்திட்டு வரேன். ஜீப் வேணாம்... ஆட்டோ பிடி."

மதியம் ஒரு மணி. மருந்துக் கடையில் கூட்டமில்லை.

"வாங்க வாங்க..." சிரிப்புக்காரர் சோகமாகக்கூடச் சிரித்துக்கொண்டேதான் வரவேற்றார். "என்ன இது, இப்படி ஆயிடுச்சே! இவங்க யாரு?"

"என் அக்கா," என்றான் மெக்கானிக்.

சாதாரண உடையிலிருந்த இன்ஸ்பெக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "தம்பி காலையிலேருந்து சாப்பிடல. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு பொலம்பறான்."

"கை எப்படி நடுங்குது பாருங்க!" சிரிப்புக்காரர் பரிவோடு பின்னால் திரும்பினார். ஓர் அட்டையை உருவி, கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

அதே மாத்திரை. குட்டி வெள்ளை. பத்து.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்குங்க. அரை மணி நேரம்... எல்லாம் அடங்கிடும்."

மெக்கானிக் பார்த்தான்.

எறும்பு அடங்கும். ரீங்காரம் அடங்கும். இந்தக் கொலைகூட அடங்கும்! பதினோரு மாதம் அங்குலம் அங்குலமாக ஏறி வந்த மலை. ஒரு துணுக்குதானே...

கை தானாக நீண்டது. இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை.

விரல் அட்டையைத் தொட்டது.

"வேணாம்ணே," என்று அவன் அதைத் திருப்பித் தள்ளினான். "ஒண்ணே ஒண்ணுன்னுதான் அப்பவும் சொன்னாங்க."

"அட, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்! மனசை அலட்டிக்காதீங்க. ஒரு வயரை எடுக்க மறக்கறது மனுஷனுக்கு சகஜம்தானே?"

இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினாள்.

"எந்த வயரு?"

"அதான்... பேனல்ல..."

"கதவு ரிப்பேர்னுதானே ஊருக்கே சொல்லியிருக்கோம்! பேனல் வயர் என் டிராயர்லதானே தூங்குது!"

அடையாள அட்டை கண்ணாடி மேஜையில் விழுந்தது.

சிரிப்புக்காரர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு அணைந்தது.

"தவிர... காலையில ஒம்பது மணிக்கு டாக்டருக்குக் கடைசியா வந்த போன் உங்களோடது. 'கொஞ்சம் கீழ வாங்க, அவசரம்'னு கூப்பிட்டிருக்கீங்க."

"அது... அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்தான் செத்துட்டாரே!"

"பதில் சொல்லுங்க!"

"ஆமா! கூப்பிட்டேன்!" அவர் வெடித்தார். "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இந்த ஆளு வந்து கத்திட்டுப் போனதும் டாக்டருக்குத் திடீர்னு ஞானோதயம்! பழைய சீட்டுக்கெல்லாம் நான் மாத்திரை குடுத்ததைத் தோண்டி எடுத்து, மேலிடத்துக்கு எழுதப் போறேன்னாரு. எழுதினவரு அவரு, குடுத்தவன் நான்! அவரு மட்டும் மகான், நான் மட்டும் திருடனா?"

"திருட்டுக் கேஸ் இல்லீங்க இது. கொலை முயற்சி."

"முயற்சியா?"

"நாலாவது மாடியில எந்தப் புண்ணியவானோ பொத்தானை அழுத்தி பெட்டியை நிறுத்தியிருந்தாரு. டாக்டர் பெட்டியோட கூரை மேலதான் விழுந்தாரு. ரெண்டு காலும் முறிஞ்சு போச்சு... உயிர் போகல. துணியால மூடி, பின்வாசல் வழியாத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பதினோரு மணிக்கே பேசினாரு."

சிரிப்புக்காரர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கடைக்கு வெளியே ஆட்டோவில் காத்திருந்த மனைவி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் பக்கம் சீறித் திரும்பினாள்.

"அவர் உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சும் சொல்லலையா மேடம்? காலையிலேருந்து இந்த மனுஷன் என்ன பாடுபட்டாருன்னு தெரியுமா?"

"பொறியில எலி விழற வரைக்கும் சொல்ல முடியல." இன்ஸ்பெக்டர் குரல் தணிந்தது. "தப்புதான். ஸ்டேஷன்ல அவர் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு துடிச்சப்பவே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

மூன்றாம் நாள் காலை. ஆஸ்பத்திரி.

டாக்டரின் இரண்டு கால்களும் வெள்ளை மாவுக்கட்டோடு கயிற்றில் தொங்கின. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

மெக்கானிக் கதவோரமே நின்றான். "டாக்டர்... அவன்கிட்ட அந்த வித்தையைச் சொல்லிக் குடுத்தது நான்தான். அதை நெனச்சா..."

"உள்ள வாங்க." டாக்டர் அவனை நேராகப் பார்க்கவில்லை. "பதினஞ்சு நாள்னு எழுதினேன். பதினாறாவது நாள் நான் கேட்டிருக்கணும். ஆறு வருஷம் கேட்கல. நீங்க கத்தின அன்னிக்குத்தான் பழைய பதிவையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். உங்கள மாதிரி நாப்பத்தி மூணு பேர்."

மெக்கானிக் உள்ளே வந்து கட்டிலருகே நின்றான்.

"இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

"அப்படியேதான் டாக்டர். காலையில எழுந்தா அதே கனம். ஆனா நேத்து சாயங்காலம்... ஒரு மணி நேரம் காதுல சத்தமே இல்ல. சும்மா ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தேன்."

"உடம்பு தேறி வெளிய வந்ததும் அந்த நாப்பத்தி மூணு பேரையும் தேடிப் போகணும். கூட வருவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மெக்கானிக் அந்தத் தொங்கும் கால்களைப் பார்த்தான்.

"வரேன். உங்களுக்காக இல்ல."

"தெரியும்."

நர்ஸ் உள்ளே வந்தாள். கையில் தட்டு. தட்டில் தண்ணீர். தண்ணீருக்குப் பக்கத்தில் குட்டியாய், வெள்ளையாய்...

"மூணு நாளா தூங்கவே இல்லையே டாக்டர்! இதைப் போட்டுக்குங்க. ஒரு பதினஞ்சு நாளைக்கு மட்டும்தான்."

டாக்டர் மாத்திரையைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். தொங்கிய கால்களோடு கட்டிலில் எவ்வளவு பின்னால் நகர முடியுமோ அவ்வளவு நகர்ந்தார்.

"அய்யோ வேணாம் சிஸ்டர்! லிஃப்ட்டுல நான் விழுந்தது ரெண்டு மாடிதான்... இதுக்கு அடித்தளமே கிடையாது!"