இழுவைக் கயிறு

கயிறு ஆடியதும் முருகானந்தத்துக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பாசி அள்ளும் மிதவை கரையை விட்டுப் போய் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பாசி நிறைந்த பிறகுதான் மிதவையில் இருப்பவர்கள் கயிற்றை உலுக்குவார்கள். கரையில் இருப்பவன் வின்ச்சை ஓட்டி மிதவையை இழுத்துக்கொள்வான். தம்பிப்பயலுக்கு அதற்குள் என்ன அவசரம் என்று முணுமுணுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி ஏரியை மூடியிருந்தது. மிதவை தெரியவில்லை.

மலைக்காரனுக்குப் பூண்டு தெரியும், உருளை தெரியும், நீச்சலா தெரியும்? பூம்பாறையில் மூட்டை தூக்கினவர்களை மிதவையில் ஏற்றினால், தவறி விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி அவனவனைக் கம்பியோடு பிணைப்பதுதான் ஒப்பந்தக்காரர்கள் கண்ட பாதுகாப்பு. வேலையில் கை பட்டு அவிழாதபடி முடிச்சை முதுகுப் பக்கம் போடுவார்கள். முன்பு ஓடிய பழைய மிதவையிலும் இதே கட்டுதான். ஒரு மழைக்காலத்தில் அது பாசிப் பாரம் தாங்காமல் நடு ஏரியில் மூழ்கியபோது, அதிலிருந்த ஒருவர்கூட மேலே வரவில்லை. தேடினவர்கள் சேறு ஆழம் என்று கையை விரித்துவிட்டார்கள். அப்போதாவது புத்தி வந்ததா? வரவில்லை. இன்று காலை சிவப்பு ஸ்வெட்டரோடு கிளம்பிய தம்பி அஜித்குமாரின் முதுகில் அந்த முடிச்சைப் போட்டவன் முருகானந்தம்தான். தம்பிக்குத் தை மாதம் கல்யாணம்.

மறுபடியும் உலுக்கல். சரி, தொலையட்டும் என்று வின்ச்சை முடுக்கினான். டீசல் சத்தம் மேகத்துக்குள் போய் அமுங்கியது. பாரம் அதிகமாக இருந்தது. சேற்றைக் கிளறிய வாடையோடு நீல நைலான் கயிறு சொட்டச் சொட்ட வந்து வின்ச்சின் உருளையில் சுற்றிக்கொண்டது, பிறகு அதன் நீலம் மங்கியது, பிறகு கறுத்து நாறிய தேங்காய்நார்க் கயிறாக வர ஆரம்பித்தது. அப்படிப்பட்ட கயிறு இப்போது யாரிடமும் இல்லை. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

"அண்ணே, எங்க போனீங்க? எவ்வளவு நேரமா உலுக்குறோம், இழுக்கவே மாட்டேங்குறீங்க."

"இழுத்துக்கிட்டுத்தானடா இருக்கேன்."

"இல்லண்ணே. கயிறு தொய்ஞ்சு கெடக்கு." தம்பியின் குரல் தாழ்ந்தது. "மிதவை சாயுதுண்ணே. தண்ணி ஏறுது. வெரசா இழுங்க."

அப்படியானால் இந்த வின்ச் எதை இழுக்கிறது? முருகானந்தம் நெம்புகோலை இழுத்து வின்ச்சை நிறுத்தினான். டீசல் சத்தம் அடங்கியது. உருளை மட்டும் நிற்கவில்லை. முடிச்சை அவிழ்த்துவிடச் சொல்லித் தம்பியிடம் கத்தினான்.

"கை எட்டலண்ணே. எல்லாரும் தள்ளித் தள்ளிக் கட்டுலதான் இருக்கோம்."

கரையில் வேறு படகு இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. ஐயோ, என் கையாலேயே கட்டி அனுப்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்கால். இடுப்பு. குளிர் நெஞ்சைக் கவ்வியது. அதற்குமேல் கால் பாவவில்லை. குழந்தை வேலப்பா, முருகா, என்னை எடுத்துக்கோ, அவனை விட்டுடு என்று வாய்விட்டு அழுதான். போனில் தண்ணீர் புரளும் சத்தம். யாரோ இருமினார்கள். அப்புறம் இருமலும் இல்லை.

உருளை சுற்றியது.

மேகத்துக்குள் ஏதோ கறுத்தது. மூக்குப் பகுதி. முழுக்கத் துரு. தொங்கும் பாசி. பழைய மிதவை. கம்பியோரம் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். இடுப்பில் கட்டு. குனிந்த தலைகள். அடையாளம் தெரியாதபடி ஊறிப்போன உடம்புகள்.

கடைசி ஆள் மட்டும் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

காலையில் போன தம்பி. முகம் மட்டும் பல வருஷம் தண்ணீரில் கிடந்ததுபோல் வெளுத்து உப்பியிருந்தது. காதோரம் போனைப் பிடித்திருந்தான். வாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது.

"இழுங்கண்ணே."

போனிலும் கேட்டது. எதிரிலும் கேட்டது. வரிசையில் இருந்த எல்லா வாய்களும் சேர்ந்தே அசைந்தன.